ஓடும் நீருக்கு ஒரு கணக்கு



"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வீணாகப் போகும் பொருளைக்கூட அளவறியாமல் விட்டுவிடாதே என்பது அதன் கருத்து. ஆற்றிலே போடும் பொருளை அளப்பதற்கு மரக்காலும் படியும் போதும். ஆனால் அந்த ஆற்றையே அளக்க வேண்டுமானால் என் செய்வது? நின்ற நீரைக் குடத்தால் மொண்டு எண்ணிவிடலாம். ஓடுகின்ற நீரோ நாம் எண்ணி முடிக்குமுன் நம்மைக் கடந்து போய்விடுகிறது. குழாய்க்குள்ளே ஓடும் நீரின் நிலை இன்னும் கடினமானது. அது கண்ணுக்கும் தெரிவதில்லை. தெரியாமல் ஓடும் அந்நீரை அளந்து, அவ்வளவைக் கண்ணாடித் திரையொன்றிலே எண்ணாக எழுதிக் காட்டுகின்ற ஒரு கருவியைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

தொழிற்சாலைகளிலும் நீர்வழங்கல் நிலையங்களிலும் வேலை செய்வோர் இதனைப் 'புளோ மீற்றர்' என்றும், அதன் செய்தியைத் தொலைவுக்கு அனுப்பும் பகுதியை 'ட்ரான்ஸ்மிற்றர்' என்றும் வழங்குவர். பாய்ச்சலை அளப்பதனால் நாம் இதனைப் பாய்ச்சல்மானி என்று அழைக்கலாம். மடுல்சீமையிலே ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபராக இருக்கும் எனக்கு, அதிலும் கலைப்பட்டம் பெற்ற எனக்கு, இக்கருவியிடம் என்ன வேலை என்று நீங்கள் வினவக்கூடும். காரணம் எளியது. எங்கள் பாடசாலையிலே படித்த பிள்ளைகள் இன்று கொழுந்து பறிக்கும் வேலைக்கு மட்டும் போவதில்லை. பால் பதனிடும் ஆலைகளிலும், நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும், கடல் கடந்த நாடுகளின் எண்ணெய் ஆலைகளிலும் அவர்கள் பணிபுரிகிறார்கள். அங்கே அவர்கள் முன் நிற்பது இக்கருவி. அதனுடன் வரும் கைந்நூலோ ஆங்கிலத்தில் இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது அந்நூலைக் கையோடு கொண்டுவந்து, "ஐயா, இந்தப் பக்கத்துக்கு மாத்திரம் பொருள் சொல்லித்தாருங்கள்" என்று கேட்ட மாணவர் ஒருவர் இருவர் அல்லர். அவர்களுக்குச் சொல்லும்பொருட்டு நான் கற்றவற்றையே ஈண்டுக் கூறுகிறேன்.

நீரை அடக்கியாளும் கலை நமக்குப் புதியதன்று. துளையிட்ட வட்டிலொன்றை நீரின்மேல் மிதக்கவிட்டு, அது நிறைந்து அமிழும் நேரத்தை ஒரு நாழிகையென வகுத்தனர் நம் முன்னோர். நாழிகை என்பது 24 நிமிடம். நீரின் ஓட்டத்தைக் கொண்டு காலத்தை அளந்த முறை அது. பாய்ச்சல்மானியோ காலத்தைக் கொண்டு நீரின் ஓட்டத்தை அளப்பது. இலங்கையின் பழங்குளங்களிலே பிசோகொட்டுவ என்ற ஓர் அமைப்பு உண்டு. குளத்து அணையினுள் கல்லினால் கட்டிய சதுரக் கிணறு அது. உயர்ந்து நிற்கும் குளத்து நீரின் அமுக்கத்தைத் தாங்கி, மதகின் வழியே வெளியேறும் நீரை மட்டுப்படுத்த அது உதவிற்று. நீர்ப்பாசனப் பொறியியலாளராகவிருந்த ஹென்றி பார்க்கர் 1909-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பண்டைய இலங்கை' என்ற நூலில் இவ்வமைப்பை வியந்து பாராட்டியுள்ளார். எங்கள் பதுளை மாவட்டத்திலேயே, மகியங்கனையிலுள்ள சொரபொர வாவியின் மதகுவழி இயற்கைப் பாறையை வெட்டி அமைக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

நீரைத் திறக்கவும் மூடவும் அறிந்த மனிதன், அதனைச் சரியாக அளப்பதற்கு நெடுங்காலம் தடுமாறினான். கி.பி. 97-ஆம் ஆண்டில் ரோமாபுரியின் நீர்வழங்கலுக்குப் பொறுப்பாக புரொன்றைனஸ் என்பவர் நியமிக்கப்பட்டார். பதவியேற்றதும் அவர் செய்த வேலை, ஏடுகளிலே எழுதப்பட்ட நீரின் அளவையும் கால்வாய்களிலே வந்துசேரும் நீரின் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்ததேயாம். இரண்டும் பொருந்தவில்லை. வரும் நீர் அதிகமாகவும் ஏட்டுக் கணக்குக் குறைவாகவும் இருந்தது. ஆராய்ந்தபோது, முத்திரையில்லாத வாய்க்குழல்களைப் பொருத்தியும், இரகசியத் துளைகளை இட்டும் நீர்ப்பணியாளர் சிலர் நீரை விற்றுவந்தது வெளிப்பட்டது. குழலின் வாய் எவ்வளவு அகலம் என்பதை அவர் கவனமாகப் பார்த்தார். ஆயினும் அவ்வாயினூடாக நீர் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதைக் கணக்கிற் சேர்க்கும் வழி அக்காலத்தார்க்கு வாய்க்கவில்லை.

அகலத்தோடு வேகத்தையும் சேர்த்தாலன்றிப் பாய்ச்சல் கிடைக்காது. இதற்கான வழியொன்றை இத்தாலிய அறிஞர் வென்சூரி 1797-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று. குழாயின் நடுவே இடையொடுங்கிய ஒரு பகுதியை அமைத்தால், அங்கே நீர் விரைந்து ஓடும். விரைந்து ஓடுமிடத்தில் அமுக்கம் குறையும். அமுக்கத்தின் வேறுபாட்டை அளந்தால் ஓட்டத்தின் வேகத்தை அறியலாம். அமெரிக்கப் பொறியியலாளர் கிளெமன்ஸ் ஹெர்ஷல் 1887-ஆம் ஆண்டளவில் இக்கொள்கையைக் கொண்டு பெரிய குழாய்களுக்கு ஏற்ற அளவுகருவியை அமைத்து, அதற்கு வென்சூரியின் பெயரையே சூட்டினார். ஹோலியோக் என்னும் ஊரிலே ஆற்றுநீரைப் பயன்படுத்திய ஆலைகள் எவ்வளவு நீரை எடுத்தன என்று கணக்கிட வேண்டிய பொறுப்பில் அவர் இருந்தார். பிற்காலத்தில் புரொன்றைனஸ் எழுதிய நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1899-ஆம் ஆண்டில் வெளியிட்டவரும் இவரே. தம் தொழிலின் மூதாதையாக அந்த ரோமரை அவர் கருதினார் போலும்.

இந்த அமுக்க முறையிலே ஒரு நுட்பம் உண்டு. அமுக்க வேறுபாடு நாலில் ஒரு பங்காகக் குறைந்தால், பாய்ச்சல் பாதியாகத்தான் குறையும். அதாவது அமுக்கத்தின் வர்க்கமூலமே பாய்ச்சலைத் தரும். இவ்வர்க்கமூலக் கணக்கைக் கருவி செய்கிறதா, கட்டுப்பாட்டறையிலுள்ள பொறி செய்கிறதா என்பதை வேலைக்குப் போகும் இளைஞர் முதலிற் கேட்டறிதல் வேண்டும். இரண்டும் செய்தாலும் பிழை. இரண்டும் செய்யாது விட்டாலும் பிழை.

இன்று நீர்வழங்கலிலே பெரிதும் வழங்குவது மின்காந்தப் பாய்ச்சல்மானி. அதன் கதை லண்டன் மாநகரிலே தொடங்குகிறது. 1832-ஆம் ஆண்டில் விஞ்ஞானி மைக்கல் பரடே, வோட்டர்லூப் பாலத்திலிருந்து செப்புத் தகடுகளைத் தேம்ஸ் ஆற்றிலே இறக்கினார். பூமியின் காந்தப்புலத்தை ஊடறுத்து ஓடும் ஆற்றுநீரில் மின் தோன்ற வேண்டும். அதனை அளந்தால் ஆற்றின் வேகம் தெரியும் என்பது அவர் எண்ணம். எண்ணம் சரி, ஆனால் அக்காலத்துக் கருவிகள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், 1941-ஆம் ஆண்டில், சுவிற்சர்லாந்து நாட்டுத் துறவியான தூர்லேமன் என்பவர் அதே கொள்கையைக் குழாய்க்குள் ஓடும் நீருக்குப் பொருத்திக் காட்டினார். குழாயைச் சுற்றிக் கம்பிச்சுருள்கள் காந்தப்புலத்தை உண்டாக்கும். நீர் அதனை ஊடறுத்து ஓடும்போது மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றும். குழாயின் இரு பக்கத்திலுமுள்ள மின்வாய்கள் அதனை ஏந்திக்கொள்ளும். வேகம் இரட்டித்தால் மின்னழுத்தமும் இரட்டிக்கும். குழாய்க்குள்ளே சுழலும் சக்கரமோ தடையோ இல்லாமையால் சேறு கலந்த நீரையும் இவ்வாறு அளக்கலாம். ஆனால் மின்னைக் கடத்தாத எண்ணெயை இக்கருவி அளக்கமாட்டாது.

இக்கருவிக்கு இரண்டு வேண்டுதல்கள் உண்டு. குழாய் நிறைய நீர் இருத்தல் வேண்டும் என்பது முதலாவது. கருவி அறிவது வேகத்தை மட்டுமே. குழாய் முழுதும் நீர் நிறைந்திருக்கிறது என்று நம்பியே அது கணக்குப் போடுகிறது. அரைக் குழாய் நீர் ஓடினால் அது உண்மைக்கு மிஞ்சிய கணக்கையே எழுதும். நீர் சுழித்து வராமல் ஒழுங்காக வருதல் வேண்டும் என்பது இரண்டாவது. ஆகவே கருவிக்கு முன்னே குழாயின் விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு நீளமும், பின்னே இரண்டு மூன்று மடங்கு நீளமும் வளைவோ வால்வோ இன்றி நேராக விடுதல் பொதுவான வழக்கம். எங்கள் மலைச்சரிவுகளிலே, குழாய் பத்தடிக்கு ஒருமுறை வளைந்து திரும்பும் இடங்களிலே, இவ்விதியைக் காப்பது எளிதன்று. ஆயினும் அதனைக் காவாத இடத்திலே எத்துணை விலையுயர்ந்த கருவியும் நம்பத்தக்கதாகாது.

இனி, கருவி கண்ட செய்தி கட்டுப்பாட்டறைக்குச் செல்லும் விதத்தைப் பார்ப்போம். அது பெரும்பாலும் 4 முதல் 20 மில்லியம்பியர் வரையான மின்னோட்டமாகச் செல்கிறது. பாய்ச்சல் பூச்சியமானால் 4, முழுவீச்சானால் 20. பூச்சியத்துக்குப் பூச்சிய மின்னோட்டத்தையே வைத்திருக்கலாமே, ஏன் 4 என்று மாணவர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி அது. கம்பி அறுந்துபோனால் மின்னோட்டம் பூச்சியமாகும். நீர் ஓடவில்லை என்ற செய்திக்கும், செய்தி கொண்டுவரும் கம்பியே இல்லை என்ற நிலைக்கும் வேறுபாடு தெரிதல் வேண்டுமன்றோ? வகுப்பிலே பெயர் கூப்பிடும்போது, "உள்ளேன்" என்று சொல்லிப் பாடம் தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கும், வகுப்புக்கே வராத பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு அது.

முழுவீச்சு மணித்தியாலத்துக்கு 100 கனமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 12 மில்லியம்பியர் வந்தால் பாய்ச்சல் 50. 8 வந்தால் 25. இக்கணக்குச் சரியாக வருவதற்குக் கருவியிலும் கட்டுப்பாட்டறையிலும் ஒரே வீச்சு எழுதப்பட்டிருத்தல் வேண்டும். கருவியிலே 200 என்றும், அறையிலே 100 என்றும் இருந்தால், உண்மையில் 100 கனமீற்றர் ஓடும்போது அறையிலுள்ள திரை 50 என்று காட்டும். இரு பக்கத்திலும் கருவிகள் பழுதின்றி இருக்கும்; கணக்கு மட்டும் பாதியாகிவிடும்.

இப்பொழுது கருவியின் முகத்துக்கு வருவோம். திரையின் நடுவிலே பெரிய எண்ணொன்று தெரியும். அதன் அருகே சிறிய எழுத்தில் அதன் அலகு இருக்கும். கீழே வேறோர் எண் ஏறிக்கொண்டே போகும். பெரிய எண் இக்கணத்துப் பாய்ச்சல். கீழுள்ளது இதுவரை ஓடிய நீரின் மொத்தக் கணக்கு. முன்னது நடக்கும் வேகம் போன்றது. பின்னது நடந்த தூரம் போன்றது. இரண்டையும் ஒன்றாகக் கருதி நாட்குறிப்பிலே மாற்றி எழுதிவிடும் புதியவர்கள் பலர்.

பெரிய எண்ணைப் படிக்குமுன் சிறிய எழுத்தைப் படியுங்கள் என்பதே என் மாணவர்க்கு நான் கூறும் முதல் அறிவுரை. திரையில் 36 என்று இருந்தால் அது மணித்தியாலத்துக்கு 36 கனமீற்றரா, செக்கனுக்கு 36 லீற்றரா? முன்னது செக்கனுக்குப் 10 லீற்றர்தான். பின்னது அதனைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேல். கலன் என்று இருந்தாலோ இன்னொரு சிக்கல் உண்டு. நம் நாட்டிலே முன்னர் வழங்கிய பிரித்தானியக் கலன் சுமார் 4.55 லீற்றர் கொள்ளும். அமெரிக்கக் கலன் சுமார் 3.79 லீற்றர்தான் கொள்ளும். கருவியின் பட்டியலிலே இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். விரல் ஓரிடம் தவறினால் அளவில் ஐந்தில் ஒரு பங்கு வேறுபாடு வந்துவிடும்.

திரையின் கீழே மூன்று அல்லது நான்கு பொத்தான்கள் உண்டு. ஒன்று மேலே செல்ல, ஒன்று கீழே செல்ல, ஒன்று ஏற்றுக்கொள்ள, ஒன்று திரும்பிவர. சில கருவிகளிலே மூடியைத் திறவாமல் கண்ணாடிக்கு மேலாகவே விரலை வைத்து இயக்கலாம். இந்தச் சில பொத்தான்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான அமைப்புகளை மாற்ற முடியும். ஆதலினாலேயே இரகசிய இலக்கமும், உள்ளே ஒரு சிறு பூட்டு ஆளியும் வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு அனைவருக்கும் உரிமை உண்டு. மாற்றுவதற்குப் பொறுப்புள்ளவர்க்கே உரிமை.

மாற்றக்கூடிய அமைப்புகளுள் மூன்றை மட்டும் சொல்கிறேன். முதலாவது தணிப்பு. நீரின் ஓட்டம் எப்போதும் சிறிது நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்நடுக்கத்தைத் திரையிலே காட்டாது சராசரியாக்கிக் காட்டுவது தணிப்பு. அதனை ஒரு செக்கன் என்று வைத்தால் எண் துள்ளும்; 60 செக்கன் என்று வைத்தால் எண் அமைதியாக நிற்கும். அமைதி கண்ணுக்கு இதமானதே. ஆனால் பம்பி நின்றுவிட்டாலும், அந்த எண் பூச்சியத்தை நெருங்க ஐந்து நிமிடம் எடுக்கும். அதற்குள் நேரக்கூடாதது நேர்ந்துவிடலாம்.

இரண்டாவது, சிறுபாய்ச்சல் நீக்கம். வால்வு மூடியிருக்கும்போதும் கருவி சில வேளை பொய்யாகச் சிறிதளவு ஓட்டத்தைக் காட்டும். அதனைத் தவிர்க்க, இன்ன அளவுக்குக் கீழுள்ளதைப் பூச்சியமென்றே கொள் என்று கருவிக்குக் கட்டளையிடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அவ்வெல்லையை மணித்தியாலத்துக்கு இரண்டு கனமீற்றர் என்று தாராளமாக வைத்துவிட்டால் என்ன ஆகும்? இரவிலே ஒரு கனமீற்றர் வீதம் எட்டு மணித்தியாலம் ஒழுகினால், எண்ணாயிரம் லீற்றர் நீர் கணக்கில் ஏறாமலே போய்விடும். ஒருவர்க்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்று கொண்டால் அது எண்பது பேருடைய நீர்.

மூன்றாவதே மிக முக்கியமானது. கருவிக்குப் பழுது நேர்ந்தாலோ, குழாய் வெறுமையானாலோ, அது கட்டுப்பாட்டறைக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை நாமே முன்கூட்டித் தீர்மானித்து வைக்கிறோம். மின்னோட்டத்தை மிகத் தாழ்த்து என்று சொல்லலாம். மிக உயர்த்து என்றும் சொல்லலாம். இவ்விரண்டும் அபாய மணிபோல அமையும். "கடைசியாகக் கண்ட அளவையே தொடர்ந்து சொல்லிக்கொண்டிரு" என்றும் கட்டளையிடலாம். ஓர் ஆலையின் வேலை திடீரென நின்றுவிடாதிருக்க இது சில இடங்களில் வேண்டியதே. ஆனால் பொருந்தாத இடத்திலே இது விளைக்கும் தீங்கை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

எங்கள் மலைப்பகுதியிலே ஒரு சிறு நீர்வழங்கல் நிலையம். பெயர் வேண்டியதில்லை. அங்கிருந்து சில தோட்ட லயங்களுக்கு நீர் வந்துகொண்டிருந்தது. ஒரு மழைக்காலத்திலே கீழ் லயங்களுக்கு நீர் நின்றுபோயிற்று. மக்கள் போய் முறையிட்டனர். அலுவலகத் திரையிலே மணித்தியாலத்துக்கு ஒன்பது கனமீற்றர் என்று தெளிவாக இருந்தது. "நீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது, மீற்றர் சொல்கிறது. மேல் லயத்தார் எடுத்துவிடுகிறார்கள் போலும்" என்று விடை வந்தது. மேல் லயத்தாருக்கும் கீழ் லயத்தாருக்கும் மனக்கசப்பு மூண்டது. கருவி மூன்று வாரம் ஒன்பது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மூன்று வாரமும் என் மேசையின்மீதிருந்த வரவு இடாப்பு வேறொரு கணக்கைச் சொன்னது. கீழ் லயத்துப் பெண்பிள்ளைகள் காலையிலே தொலைவிலுள்ள ஓடைக்குக் குடம் எடுத்துப் போனார்கள், பாடசாலைக்குப் பிந்தி வந்தார்கள், சிலர் வரவேயில்லை.

அக்காலத்தில் விடுமுறைக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், ஆலையொன்றிலே கருவிகளைப் பேணும் வேலையில் இருந்தவர், நிலையத்தாரின் அனுமதி பெற்று அலுவலகத் திரையைச் சில நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கூறியது இது: "ஐயா, இந்த எண்ணைப் பாருங்கள், கடைசிப் புள்ளிகூட அசையவில்லை. ஓடுகிற நீரின் எண் இப்படி நிற்காது." உடனே மேலே கருவி இருக்குமிடத்துக்கு ஆட்கள் ஏறிப் போனார்கள். அங்கே கருவியின் சொந்தத் திரையிலே பழுதுக் குறியும், குழாய் வெறுமை என்ற செய்தியும் மாறிமாறித் தோன்றிக்கொண்டிருந்தன. மண் சரிந்து மேற்குழாய் இணைப்பு விலகியிருந்தது. குழாய்க்குள்ளே காற்றுத்தான் இருந்தது. கருவி தன் கண்முன் உண்மையை எழுதி வைத்திருந்தது. கீழே அலுவலகத்துக்கு மட்டும், தனக்கிடப்பட்ட கட்டளைப்படி, கடைசியாகக் கண்ட ஒன்பதையே அனுப்பிற்று. மொத்தக் கணக்கும் அவ்வாறே வராத நீருக்கு ஏறிக்கொண்டிருந்தது. இணைப்பைச் சீர்செய்ய ஒரு பகற்பொழுது போதுமானதாயிருந்தது. மேல் லயத்தார்மீது சுமத்திய பழி நீங்க அதனினும் அதிக காலம் எடுத்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? கருவி பொய் சொல்லவில்லை. அமைத்தவர் இட்ட கட்டளையை அது நிறைவேற்றிற்று. திரையிலே தெரியும் எண் இயற்கையின் வாக்கு மட்டுமன்று; எந்த அலகு, எந்த வீச்சு, எந்தப் பூச்சியம், பழுது நேர்ந்தால் எந்தச் சொல் என்று முன்பொருநாள் ஒரு மனிதர் எடுத்த முடிவுகளும் அவ்வெண்ணுக்குள் இருக்கின்றன. ஆதலின், "மீற்றர் சொல்கிறது" என்ற சொல்லோடு ஒருவருடைய முறையீடு முடிந்துவிடலாகாது. மீற்றர் ஒரு சாட்சி. சாட்சியை விசாரித்தல் வேண்டும்.

தோட்டத்து மக்களுக்கு இது புரியாத செய்தியன்று. கொழுந்து நிறுக்கும் தராசடியிலே அவர்கள் தலைமுறை தலைமுறையாக நின்றிருக்கிறார்கள். தராசு பூச்சியத்தில் நின்றதா, சாக்கின் நிறை எவ்வளவு கழிக்கப்பட்டது, ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கப்பட்டது என்பனவற்றிலேதான் முழுப்பேரும் அரைப்பேரும் தங்கியிருந்தன. பழைய தொங்குதராசு போய் இலக்கத்திரைத் தராசு வந்த இடங்களிலும் அக்கேள்விகள் மாறவில்லை. தராசின் பூச்சியத்தைப் பார்த்துவிட்டுக் கொழுந்தைப் போடும் தாயின் மகனுக்கும் மகளுக்கும், பாய்ச்சல்மானியின் பூச்சியத்தைப் பார்க்கும்படி நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை, நினைவூட்டினால் போதும்.

எங்கள் மாவட்டத்திலே ஓடும் நீரின் கணக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை உமா ஓயாத் திட்டமும் உணர்த்திற்று. 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் அத்திட்டத்தின் சுரங்கத்துள்ளே நிலத்தடி நீர் பெருகிப் பாய்ந்தது. அதன்பின் பண்டாரவளைப் பகுதியிலே கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. சுரங்கத்துள் செக்கனுக்கு எத்தனை லீற்றர் ஒழுகுகிறது என்பது அப்போது பொறியியலாளரின் கேள்வியாக மட்டும் இருக்கவில்லை; கிணற்றடியிலே வெறுங்குடத்தோடு நின்றவர்களின் கேள்வியாகவும் இருந்தது. 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் அத்திட்டம் திறந்துவைக்கப்பட்டது. கரந்தகொல்லையிலே நிலத்தடியில் அமைந்த 120 மெகாவாற்று மின்நிலையத்தைப் பற்றி நாம் பெருமையாகப் பேசலாம். அதனோடு, நீரை அளப்பவர்க்கும் நீரைக் குடிப்பவர்க்கும் இடையே ஒரே கணக்கு வேண்டும் என்பதையும் நினைவில் வைத்தல் நன்று.

வேலைக்குச் செல்லும் இளைஞருக்குச் சில நடைமுறைகளைக் கூறுகிறேன். திரையிலே எண்ணைத் தவிர வேறு குறிகளும் தோன்றும். பல உற்பத்தியாளர் நான்கு ஆங்கில எழுத்துகளை ஒரே பொருளில் வழங்குகின்றனர். 'எஃப்' என்றால் பழுது. 'சி' என்றால் கருவி சோதனையில் இருக்கிறது. 'எஸ்' என்றால் அளவு தன் வரம்பைக் கடந்துவிட்டது. 'எம்' என்றால் பராமரிப்பு வேண்டியிருக்கிறது. இவற்றுள் 'சி' என்பதை அலட்சியம் செய்யாதீர்கள். சோதனைக்காகப் போலியான பாய்ச்சலொன்றைக் கருவி அனுப்பும்படி செய்ய முடியும். சோதித்தவர் அதனை நீக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டால், ஆலை முழுதும் போலி எண்ணை நம்பி நடக்கும்.

பொத்தானைத் தொடுமுன் கட்டுப்பாட்டறைக்கு அறிவியுங்கள். இந்த எண்ணைப் பார்த்தே தானாக இயங்கும் வால்வுகளும் பம்பிகளும் உண்டு. அவற்றை முதலில் கைக்கட்டுப்பாட்டுக்கு மாற்றியபின்பே அமைப்பைத் தொடலாம். பழைய அளவு யாது, புதிய அளவு யாது, மாற்றியவர் யார், மாற்றிய நேரம் எது, மாற்றியதன் காரணம் என்ன என்ற ஐந்தையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். பூச்சியத்தைச் சரிபார்ப்பதானால், குழாய் நிறைய நீர் இருக்க, இரு பக்கத்து வால்வுகளையும் மூடி, நீர் அசைவற்று நிற்கும்போது பாருங்கள். வெறுங்குழாயிலே பார்த்த பூச்சியம் பூச்சியமாகாது.

பாடசாலைகளிலே இக்கருவி இல்லையே என்று ஆசிரியர்கள் வருந்த வேண்டியதில்லை. லயத்தடிப் பீலியும், பத்து லீற்றர் வாளியும், ஒரு கைக்கடிகாரமும் போதும். வாளி நிறைய இருபது செக்கன் சென்றால், பாய்ச்சல் செக்கனுக்கு அரை லீற்றர். ஒரு நாளில் 43,200 லீற்றர். அறுபது குடும்பங்கள் பங்கிட்டால் குடும்பத்துக்கு 720 லீற்றர். ஊவாவின் வறண்ட காற்று வீசும் மாதங்களிலே அதே வாளி நிறைய 80 செக்கன் சென்றால், குடும்பத்துக்கு 180 லீற்றர்தான். இக்கணக்கைப் பிள்ளைகள் வாரந்தோறும் ஒரே நேரத்தில் எடுத்து, ஒரே கொப்பியில் எழுதி வரட்டும். ஓராண்டு முடியும்போது அந்த ஊற்றின் வரலாறு அவர்கள் கையில் இருக்கும். நீர் குறைந்ததென்று அதிகாரிகளிடம் முறையிடச் செல்லும்போது, வெறுஞ்சொல்லோடு போகாமல் அக்கொப்பியோடு போகலாம். பெரிய நிலையத்துப் பாய்ச்சல்மானியையும் இதே வாளி முறையாலே, அளவு தெரிந்த தொட்டியொன்றை நிரப்பிச் சரிபார்க்கலாம் என்பதையும் அவர்கள் அப்போது தாமே உணர்வார்கள்.

நீர் நிலையங்களிலே பொறுப்பு வகிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நாளுக்கு ஒருமுறையேனும் அலுவலகத் திரையின் எண்ணையும், குழாயடியிலுள்ள கருவியின் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழுது நேர்ந்தால் உங்கள் கருவி என்ன சொல்லும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை இன்றே கேட்டறியுங்கள். நீர் வரவில்லை என்று ஒரு தாய் வந்து சொன்னால், திரையைக் காட்டி அவளைத் திருப்பி அனுப்புமுன், ஓர் ஆளை மேலே அனுப்புங்கள்.